ஒல்லி என்பதால் கண்ணில் படாத நோய்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் அனோரெக்சியா

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் காலை 10 மணிக்கு உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு ஒல்லியான இளம்பெண் என்பது புதிய காட்சி இல்லை. வெளிறிய கீழிமை, ஒட்டிய கன்னம், "தலை சுத்துதுங்க, அசதியா இருக்குதுங்க" என்ற முறையீடு. ரத்தசோகை என்று சீட்டில் எழுதி, இரும்புச்சத்து மாத்திரையும் குடற்புழு மாத்திரையும் கொடுத்துவிட்டு அடுத்தவரை அழைப்பார்கள். பெரும்பாலான நேரங்களில் அதுவே சரியான சிகிச்சையாகவும் இருக்கும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. எடைக்குறைவு வழக்கமாகிப் போன ஊரில் எடைக்குறைவையே முதல் அடையாளமாகக் கொண்ட ஒரு நோய் கூட்டத்தோடு கூட்டமாகக் கடந்து போய்விடுகிறது. தன்னைத் தானே பட்டினி போடவைக்கும் மனநோயான அனோரெக்சியா நெர்வோசா பெருநகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே வருவது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்வதால் கேட்க வேண்டிய அந்த இரண்டாவது கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

நோயின் பெயரும் நமக்கு உதவுவதில்லை. கிரேக்கச் சொல்லின் பொருள் 'பசியின்மை'. தமிழிலும் அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறோம். ஆனால் இந்த நோயாளிகளில் மிகப் பலருக்குப் பசி இருக்கிறது. நோய் முற்றும்வரை கடுமையாகவே இருக்கிறது. பசியை வெல்வதே அவர்களுடைய அன்றாட வேலையாகிவிடுகிறது. பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944-45இல் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனை இன்றும் நல்ல சான்று. உடல்நலமும் மனநலமும் தேர்ந்த 36 இளைஞர்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுக்கப்பட்டது. எடையில் கால் பங்கை இழந்த அவர்கள் எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், ஒரு தட்டுச் சோற்றை மணிக்கணக்கில் அளைந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், மனம் சோர்ந்தார்கள். தான் சாப்பிடாமல் வீட்டாருக்கெல்லாம் ஆசை ஆசையாகச் சமைத்துப் போடும் பெண்ணைப் பார்த்து "இவளுக்கா சாப்பாட்டு மேல வெறுப்பு?" என்று வியக்கும் குடும்பத்தினருக்கு இந்தச் சோதனையை எடுத்துச் சொல்லலாம். அவள் செய்வதில் ஒரு பகுதி பிடிவாதத்தால் வருவதல்ல, பட்டினியால் விளைவது.

பலரின் சாயல் கலந்த ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். வயது 17, உண்டு உறைவிடப் பள்ளியில் பிளஸ் டூ. பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா அழைத்து வந்திருக்கிறார். ஏப்ரல் வெயிலில் பிள்ளை முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள். "டாக்டரம்மா, ஆஸ்டல்ல சேத்தப்ப நல்லாத்தான் இருந்தா. இப்ப ஒரு கரண்டி போட்டா அரைக் கரண்டியத் தள்ளி வெக்கறா. கேட்டா வயிறு உப்புதுங்கறா." ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னால் முன்கையில் பூனை முடி படர்ந்திருக்கிறது, விரல்கள் நீலம் பாரித்துச் சில்லிட்டிருக்கின்றன, நாடி நிமிடத்துக்கு 44. உயரம் 155 செ.மீ., எடை 36 கிலோ. உடல் நிறைக் குறியெண், அதாவது பி.எம்.ஐ., 15க்குச் சற்றுக் கீழே. பள்ளிச் சேர்க்கையின்போது 49 கிலோ இருந்தாள் என்பது தெரிய வரும்போதுதான் கதை தலைகீழாகிறது. இயல்பாகவே மெலிந்த உடல்வாகு என்றால் எடை இப்படி இறங்காது; பத்து மாதத்தில் கால் பங்குக்கு மேல் போயிருக்கிறது. இன்றைய எடை ஒரு புள்ளிதான், பழைய எடை அதைக் கோடாக்குகிறது. பள்ளி மருத்துவப் பரிசோதனை அட்டையிலோ பழைய சீட்டிலோ அந்த எண் எங்கேனும் கிடக்கும்; தேடிக் கேட்க வேண்டும்.

அம்மாவைச் சற்று வெளியே அமரச் சொல்லிவிட்டு மருத்துவர் கேட்கிறார்: "பசிக்குதா கண்ணு?" சிறிது நேரம் கழித்து, "பசிக்கும் மேடம்." "அப்புறம் ஏன் சாப்பிடல?" "சாப்ட்டா பயமா இருக்கு." நோயறிதல் இந்த இரண்டாவது பதிலில்தான் நிற்கிறது. அதைக் கேட்க எந்த ஆய்வகமும் வேண்டாம். தனியறையும் ஐந்து நிமிடமும் போதும். 200 பேர் வரிசையில் நிற்கும் பிரிவில் அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு அரிது என்பதையும் மறுப்பதற்கில்லை.

என்ன பயம் என்று கேட்டால் "குண்டாயிடுவேன்" என்ற பாடப்புத்தகப் பதில் வரும் என்று காத்திருப்பது தவறு. எய்ம்ஸ் மருத்துவர்கள் 1995இல் பதிவு செய்த இந்திய நோயாளிகள் சாப்பிட மறுத்தார்கள், எடை இழந்தார்கள், மாதவிலக்கு நின்றது. ஆனால் உடல் பருத்துவிடும் என்ற அச்சத்தை மேற்கத்திய நோயாளிகளைப் போல் அவர்கள் சொல்லவில்லை. ஹாங்காங்கிலும் இதே போக்கு பதிவாகியிருக்கிறது. நம் பக்கத்தில் அது "வயிறு உப்புசம்", "நெஞ்ச அடைக்குது", "சோறு எறங்கல" என்று வெளிப்படும். இந்தப் புகார்கள் பொய்யும் அல்ல. பட்டினியில் இரைப்பை காலியாகும் வேகம் உண்மையிலேயே குறைந்துவிடுவதால் கொஞ்சம் உண்டாலும் வயிறு நிறைந்து உப்பும். ஆகவே, எண்டோஸ்கோபியில் ஒன்றுமில்லை என்று வந்ததும் "நடிக்கிறாள்" என்று முடிவு கட்டுவது இரட்டைத் தவறு. 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு, இந்த இடத்தில் கதவைத் திறந்து வைத்தது. பருமன் பற்றிய அச்சத்தை வாயால் சொல்லாவிட்டாலும், எடை கூடவிடாமல் தடுக்கும் நடத்தை தொடர்ந்து இருந்தால் போதும் என்றது. மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் நீக்கியது. 80 கிலோவிலிருந்து சில மாதங்களில் 54 கிலோவுக்கு இறங்கியவர் எடை அட்டவணையில் 'சரி' என்ற கட்டத்துக்குள் இருந்தாலும் அவருடைய இதயம் இதே ஆபத்தில் இருக்கக்கூடும். ஓசூர்ப் பக்க இளைஞர்களிடம் உடற்பயிற்சிக் கூடத்தின் வழியாகவும் இது நுழையலாம். ஆண் என்பதால் விலக்கு கிடையாது.

விரதமும் குழப்பும். வட இந்தியப் பள்ளி மாணவியரிடம் நடத்தி 1989இல் வெளியான ஓர் ஆய்வில், மேற்கத்தியக் கேள்வித்தாளின் சில கேள்விகளுக்கு அவர்கள் 'ஆம்' என்றது சமய நோன்பின் காரணமாகவே என்று தெரிந்தது. ஆகவே விரதமே நோயாகிவிடாது. புரட்டாசிச் சனிக்கிழமையோ ஆடி வெள்ளியோ நோன்பு முடிந்ததும் வடை பாயசத்தோடு உட்காருகிறாளா, அல்லது விரத நாள்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு ஐந்தாகி, முடிக்கும் வேளையிலும் ஒரு சாக்கு முளைக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மற்ற நோய்களை விலக்குவது கடமை; நம் மாவட்டங்களில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். வரலாற்றிலும் அப்படித்தான் நடந்தது. லண்டன் மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன் 1689இல் காசநோய் பற்றி எழுதிய நூலில், இருமலும் காய்ச்சலும் இல்லாமல் எலும்பும் தோலுமாகிப்போன ஒரு பதின்பருவப் பெண்ணைப் பதிவு செய்திருக்கிறார். இரவு பகல் பாராமல் புத்தகமே கதி என்று கிடந்தவள் அவள். மருந்தை மறுத்து மூன்று மாதத்தில் இறந்து போனாள். இந்த நோயின் முதல் மருத்துவப் பதிவாகப் பலரும் கொள்வது இதைத்தான். உறைவிடப் பள்ளிகளில் நீட் தேர்வுக்கு நள்ளிரவு வரை படிக்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு வாசித்தால் அந்தப் பதிவு மூன்று நூற்றாண்டுப் பழையதாகத் தோன்றவில்லை. காசநோயில் மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் உயர்ந்த இ.எஸ்.ஆர். (ரத்தச் சிவப்பணு படியும் வேகம்) அளவும் இருக்கும்; அனோரெக்சியாவில் உடல் குளிர்ந்து, இ.எஸ்.ஆர். பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். தைராய்டு மிகைச் சுரப்பில் எடை குறைந்தாலும் நாடி ஓடும். இங்கே நாடி தூங்கும். முதல் வகைச் சர்க்கரை நோய், அட்ரினல் சுரப்பி குன்றும் அடிசன் நோய், கோதுமைப் புரதம் குடலுக்கு ஒவ்வாத சிலியாக் நோய், எச்.ஐ.வி. ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். மனச்சோர்வில் உண்மையாகவே பசி மங்கி உடல் ஓய்ந்துவிடும். அனோரெக்சியாவிலோ 36 கிலோ பிள்ளை உட்காராமல் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருப்பாள். இன்னொன்று, ரத்தப் பரிசோதனை முழுவதும் இயல்பாக வருவது இந்த நோயில் சாதாரணம். "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்" என்று மகிழ்ந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பலர்.

மருத்துவமனைக்கு வருவதற்கு முன் அந்தப் பிள்ளை எங்கெல்லாம் போய் வந்திருப்பாள் என்பதையும் கேட்க வேண்டும். காத்து கருப்பு என்று மந்திரித்திருப்பார்கள், கயிறு கட்டியிருப்பார்கள். அவற்றால் பெரிய உடல் ஆபத்து இல்லை. அதற்காக அம்மாவைக் கடிந்துகொள்வதால் பயனும் இல்லை. ஆனால் 'யாரோ மருந்து வெச்சிட்டாங்க' என்று சொல்லி வாந்தி எடுக்கவைத்து 'மருந்து எடுக்கும்' இடத்துக்குப் போயிருந்தால் அது வேறு கதை. ஏற்கெனவே பொட்டாசியம் குறைந்த உடலில் திரும்பத் திரும்ப எடுக்கும் வாந்தி அதை மேலும் இறக்கி, இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைத்துவிடும். தானே வலிந்து வாந்தி எடுக்கும் வழக்கம் உள்ளவர்களிடம் கன்னத்தின் கீழ் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியிருக்கும். விரல் முட்டியில் தழும்பு இருக்கும். பல் எனாமல் தேய்ந்திருக்கும்.

அடுத்த வழிமாற்றம் மாதவிலக்கில் நிகழ்கிறது. மூன்று நான்கு மாதமாகத் தூரம் வரவில்லை என்றால் வீட்டில் எழும் முதல் அச்சம் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. சிறுநீர்ச் சோதனையில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அந்த அச்சம் கல்யாணக் கவலையாக மாறுகிறது. ஹார்மோன் மாத்திரை எழுதப்படுகிறது; மாத்திரையின் விளைவாக ரத்தப்போக்கு வருகிறது; எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். எடையோ இறங்கிக்கொண்டே இருக்கிறது. பட்டினியில் மூளை இனப்பெருக்க ஹார்மோன்களின் குழாயை மூடிவிடுவதால்தான் மாதவிலக்கு நிற்கிறது. உடல் சொல்லும் எச்சரிக்கையை மாத்திரையால் அமுக்கிவிட்டால் எலும்பின் அடர்த்தி குறைவதும் நிற்காது. வாய்வழிக் கருத்தடை மாத்திரை இந்த எலும்பு இழப்பைக் காப்பதில்லை. எடை மீண்டு வருவதும், மாதவிலக்கு தானாகத் திரும்புவதும்தான் மருந்து.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது குளுக்கோஸ் பாட்டில். "ஒரு குளுக்கோஸ் ஏத்தி விடுங்க சார், தெம்பு வந்துரும்" என்பது நம் ஊர்களில் நோயாளி கேட்டு வாங்கும் சிகிச்சை. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடல் கொழுப்பையும் தசையையும் எரித்துப் பிழைத்திருக்கிறது. திடீரென்று சர்க்கரை பாய்ந்தால் இன்சுலின் எழும்பி, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. பாஸ்பேட் இல்லாமல் இதயத் தசையும் மூச்சுத் தசையும் வேலை செய்ய முடியாது. தயமின் (வைட்டமின் பி1) கையிருப்பு காலியாகியிருந்தால் மூளையும் பாதிக்கப்படும். இரண்டாம் உலகப் போரில் பட்டினி கிடந்து விடுதலையான கைதிகள் உணவு கிடைத்த பிறகு இறந்ததைக் கண்டு மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட பாடம் இது. மீளூட்டக் கோளாறு என்று இதற்குப் பெயர்; முதல் சில நாள்களிலிருந்து பத்து நாள் வரை ஆபத்து இருக்கும். எனவே தயமின் முதலில், உணவு பிறகு, கூடுமானவரை வாய்வழியாக, வழக்கமான பரிசோதனைச் சீட்டில் இடம்பெறாத பாஸ்பேட்டைத் தனியாகக் கேட்டு எழுதி, தொடக்கத்தில் நாள்தோறும் பார்க்க வேண்டும்.

நாம் பார்த்த பெண்ணை வீட்டுக்கு அனுப்ப முடியாது. வளரிளம் பருவத்தினரில் பகல் நாடி 50க்குக் கீழ், படுத்த நிலையிலிருந்து எழுந்தால் ரத்த அழுத்தம் வெகுவாக இறங்குதல், உடல் வெப்பம் குறைதல், இ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்னோட்டம் எழுந்து அடங்கும் நேரம்) நீளுதல், பொட்டாசியமோ பாஸ்பேட்டோ குறைதல், மயக்கம், தற்கொலை எண்ணம், உணவை முற்றிலும் மறுத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் படுக்கையில் சேர்க்க வேண்டும். தரையில் உட்கார்ந்த நிலையிலிருந்து கையூன்றாமல் எழச் சொல்லிப் பார்ப்பது செலவில்லாத நல்ல சோதனை; எழ முடியாவிட்டால் தசை கரைந்திருக்கிறது. 2008இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியோ 2022இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியோ இதற்குப் பொருத்தமான இடம். பொது மருத்துவமும் மனநலமும் ஒரே வளாகத்தில் கைகோக்க முடியும். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் பக்கம். ஆனால் நாடி 44 உள்ள பிள்ளையைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவது பரிந்துரை ஆகாது. முதலில் நிலைப்படுத்தல், பிறகுதான் பயணம்.

ஒரு காலத்தில் பயந்து பயந்து மிகக் குறைவாக ஊட்டினார்கள். அதில் எடை மேலும் இறங்கி இன்னொரு ஆபத்து வந்தது. இப்போது தக்க கண்காணிப்பு இருந்தால் பெரும்பாலான வளரிளம் பருவத்தினருக்கு நாளொன்றுக்கு 1,400 முதல் 2,000 கிலோ கலோரியில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். மிக ஆபத்தான நிலையில் மட்டும் இன்னும் கீழே தொடங்குகிறார்கள். வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ கூடினால் போதும். எதைக் கொடுப்பது என்பதில் நம் சமையலறையை அறிந்தவர் சொல்லுக்கு மதிப்புண்டு. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் நல்ல உணவுதான், ஆனால் கனமான உருண்டை. சோர்ந்த இரைப்பையை எளிதில் நிரப்பிவிடும். சிறிய அளவில் அதிக ஆற்றல் தரும் கடலை உருண்டை, முட்டை, நெய் விட்ட பருப்புச் சோறு, வாழைப்பழம் ஆகியவை மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் மூன்று இடைவேளைக்கும் பிரிந்து வர வேண்டும். பாலில் பாஸ்பேட்டும் இருப்பதால் முதல் வாரத்தில் அதற்குத் தனி மதிப்பு.

குடும்பத்தை என்ன செய்வது என்பதில் மருத்துவம் தன் கருத்தையே மாற்றிக்கொண்டது. 1870களில் இந்த நோய்க்கு இன்றைய பெயரைச் சூட்டிய லண்டன் மருத்துவர் வில்லியம் கல், உறவினர்களே மிக மோசமான பராமரிப்பாளர்கள் என்று எழுதினார். பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பதே நெடுங்காலம் வழக்கமாயிற்று. நூறாண்டு கழித்து அதே லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் ஜெரால்டு ரஸ்ஸல் குழுவினர் 1987இல் வெளியிட்ட ஆய்வு, 19 வயதுக்குள் தொடங்கி மூன்றாண்டுக்கு மேல் நீடிக்காத நோயில் குடும்பத்தை முன்னிறுத்தும் சிகிச்சையே மேல் என்று காட்டியது. இன்று வளரிளம் பருவத்தினருக்கு முதல் பரிந்துரை அதுதான். முதல் கட்டத்தில் பெற்றோர் சாப்பாட்டின் முழுப் பொறுப்பையும் ஏற்கிறார்கள். எடை ஏறியபின் பொறுப்பு மெல்லப் பிள்ளையிடம் திரும்புகிறது. கடைசியில்தான் வயதுக்குரிய மற்றச் சிக்கல்கள் பேசப்படுகின்றன. ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும்.

பிள்ளைக்குச் சோறூட்டுவதை அன்பின் முதல் வேலையாகக் கருதும் நம் குடும்பங்களுக்கு இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்; ஒரு தடையும் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் அம்மா தட்டை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, ஆயா "வேண்டாம்னா விடு, புள்ளைய ஏன் அழ வெக்கற" என்பார். சித்தப்பா "ரெண்டு அறை விட்டா சரியாயிடும்" என்பார். அந்த இரு குரலுக்கும் நடுவில் நோய் நுழைந்துகொள்ளும். ஆகவே முதல் சந்திப்பிலேயே அப்பா, ஆயா, சித்தப்பா அனைவரையும் வரவழைத்து, இது யார் குற்றமும் இல்லை, சாப்பாட்டு வேளையில் பேசப்போவது இவர் ஒருவர்தான் என்று முடிவு செய்துவிட வேண்டும்.

இந்த நோயைக் குணப்படுத்தும் மாத்திரை கிடையாது. மனநல மருந்தான ஓலான்சபின் சிலருக்கு எடை ஏறச் சிறிது உதவுகிறது. எடை மீண்டபின் மனச்சோர்வு மருந்தான ஃபுளுவாக்சடின் கொடுப்பதால் நோய் திரும்புவது தடைபடவில்லை. இன்னொரு மனச்சோர்வு மருந்தான பியூப்ரோபியான் வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் கூடவே கூடாது. பசியைத் தூண்டும் டானிக்குகளைப் பற்றி, பசி இருக்கிறது என்பதைப் பார்த்தபின், சொல்ல ஒன்றுமில்லை. பெரியவர்களுக்கு இந்நோய்க்கென வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை உண்டு. அதில் பயிற்சி பெற்றவர்கள் நம் மாவட்டங்களில் மிகக் குறைவு. அந்த இடைவெளியில் கட்டணமில்லாத மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 தமிழிலும் பேசும் என்பதைச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கலாம். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போகும் அந்த ஊழியர்களிடம் "அந்த வீட்டில் வேகமாக மெலியும் பிள்ளை யாராவது உண்டா" என்ற ஒற்றைக் கேள்வியைச் சேர்ப்பதற்குப் புதிய திட்டம் வேண்டியதில்லை.

பல ஆய்வுகளைத் தொகுத்த 2011ஆம் ஆண்டுப் பகுப்பாய்வின்படி, இந்நோயாளிகளின் இறப்பு விகிதம் அதே வயதினரைவிட ஏறத்தாழ ஐந்து ஆறு மடங்கு. அந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை. இளம் வயதில், நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் மீட்சி நன்றாக இருக்கிறது. ஆனால் எடை ஏறிய முதல் ஆண்டில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். நம் பெண்ணுக்கு அந்த ஆண்டு விடுதியில் கழியப்போகிறது. ஆகவே பிள்ளையின் சம்மதத்தோடு விடுதிக் காப்பாளருக்கு மருத்துவர் எழுதும் கடிதமும் சிகிச்சைதான். நோயின் பெயர் அதில் வேண்டியதில்லை. காலை 11 மணிக்கு ஒரு டம்ளர் பாலும் கடலை உருண்டையும், மாலை 4 மணிக்கு முட்டை. சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு தோழி அல்லது ஆசிரியை. மூன்று மாதத்துக்கு ஓட்டமும் விளையாட்டுப் பயிற்சியும் இல்லை. எடையைப் பற்றி வகுப்பில் யாரும் பேச வேண்டாம். விரதம் என்று சொன்னால் வீட்டுக்குப் போன் செய்க. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை காலையில், மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கவும், 45 கிலோவுக்குக் கீழே இறங்கினால் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம்.